மைட்டர் வாளும் நமது கைகளும்

சம்பூர் மக்கள் 2006 சித்திரையில் ஊரைவிட்டு வெளியேறினர். கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தபின், 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டன. திரும்பிய பலர் கண்டது வீட்டையல்ல, பற்றைக்காட்டையே. கூரையை முதலிலிருந்து போடவேண்டியதாயிற்று.

கைமரம், நிலை, யன்னல் வேலைகளுக்கு இன்று கோணம் வெட்டும் மின்வாள் பயன்படுகிறது. மைட்டர் வாள் என்பர். இதன் வாள்வட்டம் இடம் வலமாகத் திரும்பும், பக்கவாட்டிலும் சரியும். இரண்டையும் சேர்த்து வெட்டுவதே கூட்டுக்கோண வெட்டு. நான்கு பக்கமும் சரிந்த கூரையில், மூலைக் கைமரத்தோடு பொருந்தும் குறுங் கைமரங்களுக்கு இது வேண்டும். எல்லாப் பக்கமும் 30 பாகைச் சரிவென்றால், மரத்தைப் படுக்கவைத்து வாளை 30 பாகை திருப்பி, 45 பாகை சரிக்கவேண்டும்.

அளவுகோலை நம்பி உடனே நல்ல மரத்தை வெட்டவேண்டாம். இயந்திரம் 0 என்று காட்டுவது நேர்வெட்டு, அதாவது மரத்துக்கு 90 பாகை. இதை மாற்றி விளங்கிக்கொள்பவர் பலர். 0 சரியா என அறிய, விளிம்பு நேரான கழிவுப்பலகை ஒன்றை வெட்டி, ஒரு துண்டை மட்டும் புரட்டி, வெட்டுமுகங்களைச் சேர்த்துப் பாருங்கள். தெரியும் இடைவெளி பிழையின் இரட்டிப்பு. அரைப்பாகைதானே என்று விடக்கூடாது. ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு. கடைசி மூலையில் அது நான்கு பாகையாகும். வாள் தின்னும் அகலத்தையும் கணக்கிலெடுத்து, கோட்டுக்கு வெளியே கழிவுப் பக்கத்தில் வெட்டுங்கள்.

விரல் போனால் மண்வெட்டியும் போயிற்று. கை வாளிலிருந்து ஆறு அங்குலமாவது தள்ளியிருக்கட்டும். கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடிக்கவேண்டாம். சிறு துண்டைக் கையால் பிடிக்காமல் இடுக்கியால் இறுக்குங்கள். மரம் பின்தடுப்போடு ஒட்டி நிற்கவேண்டும். வாள் முழுவேகம் எடுத்தபின் மெதுவாக இறக்கி, வெட்டியதும் சுவிச்சை விட்டு, வாள் நின்ற பிறகே தூக்குங்கள். காப்பு மூடியைக் கயிற்றால் கட்டிவைப்பது சிலருக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றுகிறது. விரலைக் காப்பதே அந்த மூடிதான். தொங்கும் சாரம், சால்வை, கையுறை ஆகாது. கண்ணாடி அவசியம். வாளை மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

நம்மூர் மரத்துக்கு இன்னொரு ஆபத்து உண்டு. போர் நடந்த இடத்து மரங்களில் செல் சிதறல் பதிந்திருக்கலாம். பனையிலாவது காயம் தெரியும். வேம்பிலோ பட்டை வளர்ந்து மூடிவிடும். இரும்பில் பட்டால் வாளின் பல் தெறித்து முகத்துக்கு வரும். காந்தத்தால் தடவிப் பாருங்கள். ஆனால் ஆழத்தில் உள்ளதைக் காந்தம் காட்டாது. நீலக்கறுப்புக் கறை கண்ட இடத்தைக் கைவாளால் அறுங்கள், அல்லது ஒதுக்கிவிடுங்கள். இடிந்த வீட்டுப் பழைய மரத்தில் ஆணியும் அப்படியே.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் இயந்திரமானால் அதன் தகட்டைப் படியுங்கள். கனடாவில் 120 வோல்ற், இங்கு 230. நேரே செருகினால் மோட்டர் கருகிவிடும். வாங்குமுன்பே அவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.