அணிந்தவள் காணாத அழகு

வடக்கு ஸ்பெயினின் கடற்கரையில் கெத்தாரியா என்னும் சிறிய மீன்பிடி ஊரில், இருபதாம் நூற்றாண்டு பிறந்த புதிதில், சீமாட்டி ஒருவருக்குத் தையல் வேலை செய்துவந்த தாயின் பின்னாலேயே அவளுடைய மகனும் சென்று, அம்மாளிகையில் இருந்த உயர்ந்த உடுப்புகளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பானாம். தகப்பனோ மீனவர், அந்த உடுப்பை வாங்குவது கிடக்கட்டும், தொட்டுப் பார்ப்பதற்கே உத்தரவு வேண்டியிருந்த நிலைமை. ஒருநாள் பையன் துணிந்து, இதே மாதிரி ஒன்று நானும் தைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்க, அந்தக் காசா தோரஸ் சீமாட்டியும் நகைத்துத் தள்ளிவிடாமல் சம்மதித்தார் என்பது இன்றுவரை சொல்லப்பட்டுவரும் கதை. 1895-ல் பிறந்த அந்தப் பையன்தான் கிரிஸ்டோபல் பலென்சியாகா. (இன்று அதே பெயரைத் தாங்கிக் கடைகளில் வீற்றிருக்கும் முரட்டு ஷூக்களோடு அவருக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை, அவர் 1968-லேயே கடையைச் சாத்திவிட்டு, 1972-ல் காலமானார்.)

பாலிய வயதிலேயே சான் செபஸ்தியான் நகரில் தொழில் பழகி, அங்கேயே கடையும் வைத்து, பின்பு உள்நாட்டு யுத்தம் மூண்டதால் பாரிஸுக்குப் பெயர்ந்து 1937-ல் புதுக்கடை திறந்த அவரிடம், தம் அளவுக்கென்றே கையால் தைக்கப்படும் உடுப்பை வாங்க வந்தவர்கள் மகாராணிகள், கோடீசுவரர் மனைவியர் போன்றவர்கள். ஆயினும் அவருடைய கவலையெல்லாம் சட்டையின் கையைப் பற்றியது. கையை உயர்த்தினால் இடுப்புத் துணியும் கூடவே மேலேறி வருவது நம் வீட்டுச் சட்டைகளில் அன்றாடம் காண்கிற சங்கதி. அது ஏறக் கூடாது, தோளில் ஒரு சுருக்கமும் விழக் கூடாது என்று, தைத்து முடித்த கையை நிர்த்தாட்சண்யமாகப் பிரித்தெறிந்துவிட்டு மறுபடியும் வைத்துத் தைப்பது அவர் வழக்கம். 1961-ல் ஒரே ஒரு தையலில் முழுக் கோட்டு ஒன்றை உருவாக்கிக் காட்டினார் என்றால், தையல் மெஷினின் முன் ஒரு நாளாவது உட்கார்ந்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

எனக்கு அதைவிட ஆச்சரியம் அவர் முதுகுப்புறத்துக்கு அளித்த கௌரவம். 1950-களின் தொடக்கத்தில் அவர் தைத்த உடுப்பொன்று முன்னால் இடையைப் பிடித்து நிற்க, பின்னால் மட்டும் உடலைத் தொடாமல் காற்றுக்கு இடம்விட்டுத் தொங்கிற்று. காலரையோ பிடரியை விட்டுச் சற்றே விலக்கி வைத்து, கழுத்து நீண்டு தோன்றும்படி செய்தார். இவ்வளவு சிரத்தையும் கொட்டப்பட்ட அந்தப் பின்புறத்தை, பெருந்தொகை எண்ணிக் கொடுத்து அணிந்துகொண்டவள் ஒருபோதும் நேராகப் பார்த்ததில்லை! பார்த்தவர்கள் அவளுக்குப் பின்னால் நடந்து வந்தவர்களும், கதவைத் திறந்துவிட்ட சேவகர்களும், இன்று மியூசியத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கண்ணாடிப் பேழையைச் சுற்றிவரும் நம்மைப் போன்றவர்களுந்தான். 2017-ல் லண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் மியூசியம் நடத்திய கண்காட்சியில், எலும்பு முறிவைப் பார்ப்பதுபோல் அவருடைய உடுப்புகளை எக்ஸ்ரே படம் பிடித்து, உள்ளே மறைந்திருந்த சட்டங்களையும் ஊசிமுனை வேலையையும் காட்டினார்கள். சொந்தக்காரிக்குக்கூடக் கிடைக்காத தரிசனம் அது.

கண்ணாடிக்குள் நிற்கும் உடுப்பில் ஒரு குறை இருக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. நடக்கையில் அசைவதற்கென்றே வெட்டப்பட்ட துணி, பொம்மையின்மேல் அசையாமல் நிற்கிறது. பார்ப்பவன்தான் அந்த அசைவைத் தன் கற்பனையால் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கெத்தாரியாவில் 2011-ல் பலென்சியாகாவின் பெயரால் ஒரு மியூசியம் திறந்தார்கள். அது காசா தோரஸ் குடும்பத்தார் வசித்த அல்தமார் மாளிகையை ஒட்டியே எழுப்பப்பட்டிருக்கிறது. அன்று சிறுவன் நின்று பார்த்த இடத்துக்கு அருகிலேயே, அவன் தைத்த உடுப்புகளை இப்போது யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்த்து வரலாம்.