சாலை வழியே வெளியேறிய நகரம்

டெட்ராய்ட் ஏன் காலியானது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். 1967 கோடையில் வெடித்த கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள், அதற்குப் பயந்து வெள்ளையர்கள் ஊரைவிட்டுப் போனார்கள் என்பது ஒன்று. ஜப்பான் கார்கள் வந்து உள்ளூர் ஆலைகளை முடக்கின என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறொரு தொடக்கத்தைக் காட்டுகிறது. 1950-ல் டெட்ராய்ட் நகரத்துக்குள் 18,49,568 பேர் வாழ்ந்தார்கள். 1960-ல் 16,70,144 பேர். கலவரத்துக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, ஜப்பான் காரை யாரும் பொருட்படுத்தாத காலத்திலேயே, நகரம் ஒன்றே முக்கால் லட்சம் பேருக்கு மேல் இழந்துவிட்டது. 2020-ல் எஞ்சியவர்கள் 6,39,111 பேர்.

வெளியேறியவர்களில் பலர் வெகுதூரம் போய்விடவில்லை. டெட்ராய்ட்டையும் அதன் புறநகர்களையும் உள்ளடக்கிய வேய்ன், ஓக்லண்ட், மெக்கோம் என்ற மூன்று மாவட்டங்களின் மொத்த மக்கள்தொகை 1950-ல் 30 லட்சம். 2020-ல் 39 லட்சம். வடக்கே இருக்கும் ஓக்லண்ட் மட்டும் 4 லட்சத்திலிருந்து 12.7 லட்சமாகப் பெருத்தது. மொத்தத்தில் வட்டாரம் வளர்ந்தது. அதன் நடுவில் இருந்த நகரம்தான் கரைந்தது.

ஐம்பதுகளில் அங்கே மும்முரமாக நடந்தது சாலை வேலை. நகரத்துக்குள் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளம் வெட்டி, சிக்னலே இல்லாமல் கார்களை ஓடவிடும் விரைவுச்சாலையை அமெரிக்காவில் முதலில் அமைத்த ஊர்களில் டெட்ராய்ட்டும் ஒன்று. அங்குள்ள டேவிசன் சாலை 1942-லேயே திறக்கப்பட்டது. 1956-ல் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் நாடு முழுக்க 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழிசெய்தது. செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. நூறு டாலர் சாலைக்குப் பத்து டாலர் போட்டால் போதும் என்றால் எந்த மாநிலம்தான் வேண்டாம் என்று சொல்லும்?

இருந்தாலும், சாலை வந்தது, மக்கள் போனார்கள் என்பதாலேயே சாலைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வருமானம் உயர்ந்தாலே மக்கள் தோட்டம் வைத்த தனி வீட்டைத் தேடுவார்கள். புறநகர் ஏற்கனவே வளர்ந்துவந்த இடங்களுக்கு அரசியல்வாதிகள் கூடுதல் சாலை வாங்கிக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் காரணமும் விளைவும் தலைகீழ். இந்த முடிச்சை அவிழ்த்தவர் நதானியல் பாம்-ஸ்னோ என்ற பொருளாதார அறிஞர். 2007-ல் வெளியான அவருடைய ஆய்வு ஒரு பழைய வரைபடத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டது.

1947-ல் அமெரிக்க அரசு ஒரு நெடுஞ்சாலைத் திட்டம் வரைந்தது. நகரங்களை ஒன்றோடொன்று இணைப்பது, ராணுவப் போக்குவரத்து, சரக்கு ஆகியவைதான் அதன் நோக்கம். புறநகரிலிருந்து அலுவலகம் போய்வருகிறவர்களை மனத்தில் வைத்து அதில் கோடு இழுக்கப்படவில்லை. ஒரு நகரத்தின் மையத்திலிருந்து அந்த வரைபடத்தில் எத்தனை சாலைகள் கிளம்பின என்பது, அந்த நகரத்தின் புறநகர் ஆசையோடு தொடர்பில்லாத ஒன்று. ஆகவே அந்த எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் சாலையின் விளைவை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியும். முடிவு தெளிவாக வந்தது. மைய நகரத்தை ஊடுருவிச் செல்லும் ஒவ்வொரு புதிய நெடுஞ்சாலையும் அந்த நகரத்தின் மக்கள்தொகையைச் சுமார் 18 சதவீதம் குறைத்தது. 1950 முதல் 1990 வரை அமெரிக்க மைய நகரங்களின் மொத்த மக்கள்தொகை 17 சதவீதம் சரிந்தது. நெடுஞ்சாலைகள் வராமல் இருந்திருந்தால் அது சுமார் 8 சதவீதம் உயர்ந்திருக்கும் என்பது அவர் மதிப்பீடு.

இதன் இயக்கம் எளிமையானது. மனிதர்கள் வேலைக்குப் போகும் தூரத்தை மைலால் அளப்பதில்லை, நிமிடத்தால் அளக்கிறார்கள். அரை மணி நேரத்தில் ஐந்து மைல் போன இடத்தில் இருபது மைல் போக முடிந்தால், இருபது மைலுக்கு அப்பாலுள்ள மலிவான வயல்கூட நகரத்துக்குப் பக்கத்து மனையாகிவிடுகிறது. நகர மையத்தில் நிலத்துக்கு இருந்த தனி மதிப்பு சரிகிறது. ஆலைகளும் இதே கணக்கைப் போட்டன. ஒரே தளத்தில் நீளமாக விரியும் புதுவகைத் தொழிற்சாலைக்கு வேண்டிய நிலம் நகரத்துக்குள் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. கடைகளும் பின்தொடர்ந்தன. ஹட்சன்ஸ் என்ற பெரும் பல்பொருள் அங்காடி 1954-ல் சவுத்ஃபீல்டு புறநகரில் நார்த்லேண்டு வணிக வளாகத்தைத் திறந்தது. அதே நிறுவனத்தின் நகர மையக் கடை 1983-ல் மூடப்பட்டு, 1998-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

போக விரும்பிய எல்லோருக்கும் சாலை திறந்திருந்ததா? இல்லை. இதைச் சொல்லாமல் டெட்ராய்ட்டைப் பற்றி எழுதுவது அநீதி. வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தந்த மத்திய அரசு நிறுவனம், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று ஒதுக்கியது. எயிட் மைல் ரோடு அருகே வெள்ளையருக்காக வீட்டுமனை போட்ட ஒருவருக்கு, பக்கத்திலேயே கறுப்பினக் குடியிருப்பு இருப்பதைக் காட்டி உத்தரவாதம் மறுக்கப்பட்டது. அவர் 1941-ல் இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

போக முடியாதவர்களின் தெருக்கள் மீதுதான் சாலையும் வந்தது. பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற கறுப்பினப் பகுதிகளின் உயிர்நாடியாக இருந்தது ஹேஸ்டிங்ஸ் தெரு. இசைக் கூடங்கள், மருந்துக் கடைகள், தேவாலயங்கள், கறுப்பின வணிகர்கள் தலையெடுத்து வாழ்ந்த இடம். அந்தத் தெருவின் தடத்திலேயே கிரைஸ்லர் விரைவுச்சாலைக்குப் பள்ளம் வெட்டினார்கள். அதன் ஒரு மைல் கிளையான ஐ-375 1964-ல் திறந்தது. புறநகர்க்காரரின் பயணத்தில் சில நிமிடங்கள் மிச்சமாயின. ஒரு சமூகம் இரண்டு தலைமுறையாகச் சேர்த்த வாழ்வாதாரம் கணக்கிலேயே வரவில்லை.

என் பார்வையில், சாலை தொடங்கிவைத்த சேதத்தைப் பெருக்கியது எல்லைக்கோடு. டெட்ராய்ட்டின் எல்லை 1926-க்குப் பிறகு விரியவேயில்லை. வெளியே போனவர்கள் வேறு நகராட்சிகளுக்குச் சொத்துவரி கட்டினார்கள்; வேலைக்கு மட்டும் உள்ளே வந்தார்கள். டெட்ராய்ட் 1962-ல் வருமான வரி கொண்டுவந்தது. ஆனால் வெளியூர்க்காரருக்கு விகிதம் இன்று உள்ளூர்க்காரருக்கு இருப்பதில் பாதிதான். மறுபுறம், பதினெட்டு லட்சம் பேருக்காகப் போட்ட குடிநீர்க் குழாய்களும் சாக்கடையும் தெருவிளக்குகளும் ஆள் குறைந்ததால் நீளம் குறைந்துவிடவில்லை. சம்பாதிக்கிற பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட, வீட்டுக்கடன் மட்டும் பெரியவர் தலையில் நின்றதைப் போன்ற நிலை. 2013 ஜூலையில் நகரம் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு கொடுத்தது. அப்போது தெருவிளக்குகளில் ஏறத்தாழ 40 சதவீதம் எரியவில்லை.

இத்தனையும் கொடுத்து வாங்கிய சாலை நெரிசலையாவது தீர்த்ததா? கில் துராந்தோனும் மேத்யூ டர்னரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க நகர்ப்புறங்களை அலசியது. நெடுஞ்சாலைத் தடம் ஒரு சதவீதம் கூடினால் வாகன ஓட்டமும் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுகிறது. இடம் கிடைத்தால் உள்ளூர்க்காரர்கள் அதிகம் ஓட்டுகிறார்கள், லாரிகள் பெருகுகின்றன, புதிதாக ஆட்களும் குடிவருகிறார்கள். நெரிசல் அப்படியே இருக்கிறது.

சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது கார் ஆலைகளுக்காக. எல்லை விஷயத்தில் சென்னை வேறு வழியில் போனது. 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து புறநகர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பின்னர் ஆவடியும் தாம்பரமும் தனி மாநகராட்சிகளாயின. ஆட்கள் நகர்ந்த திசையும் வேறு. டெட்ராய்ட்டில் வசதி உள்ளவர்கள் சாலையேறிப் போனார்கள். சென்னையில் ஆற்றங்கரைக் குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோம். பிழைப்பு நகரத்துக்குள், வீடு வெளியே என்றான அவர்களுக்குப் பேருந்து நேரமும் கட்டணமும் தினக்கூலியில் விழும் ஓட்டை. வெளிவட்டச் சாலை வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடுகிறது. அதற்கும் வெளியே இன்னொரு வட்டச் சாலைக்கு வேலை நடக்கிறது. அதன் ஓரத்தில் எழப்போகும் ஊர்களின் வரி எந்த அலுவலகத்துக்குப் போகும், பேருந்தை யார் விடுவார்கள் என்பதை மனை விற்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 2023-ல் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாகச் சற்று ஏறியது. ஐ-375-ன் பள்ளத்தை மூடி, கடப்பதற்கு எளிதான சாதாரணத் தெருவாக மாற்ற 2022-ல் மத்திய அரசு 10.46 கோடி டாலர் ஒதுக்கியது. செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போக, திட்டமும் இழுபறியாக இருக்கிறது. மூடினால் சுமார் முப்பது ஏக்கர் நிலம் மிஞ்சும். அதைச் சந்தை விலைக்கு விற்பதா, ஹேஸ்டிங்ஸ் தெருவில் கடையும் வீடும் இழந்தவர்களின் வாரிசுகளுக்குப் பங்கு தருவதா என்ற வாக்குவாதம் அங்கே இன்னும் முடியவில்லை.