துயிலெழ மறுக்கும் கணிப்பொறி

துணி போர்த்தி மூலையில் ஒதுக்கப்பட்ட பழைய மேசைக் கணிப்பொறிகளைத் தமிழ்த்துறைகள் பலவற்றில் இன்றும் காணலாம். புதிய இயங்குதளத்தை நிறுவி அவற்றுக்கு உயிரூட்ட முயல்வோர், குறுந்தகட்டையோ பென்டிரைவையோ செருகியும் பயன் காணாமல், 'இயந்திரம் பழுது' எனக் கைவிட்டு விடுகின்றனர். முறையாக ஆராயின், பல வேளைகளில் பழுது இயந்திரத்தில் இல்லை என்பது விளங்கும்.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. அத்தகைய கணிப்பொறியின் வன்தட்டில் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து முதலிய இஸ்லாமியத் தமிழ்ச் சிற்றிலக்கியங்களின் தட்டச்சுப் படிகள் இருக்கக்கூடும். அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நிறுவும்போது வன்தட்டை ஃபார்மட் செய்தால் அனைத்தும் அழிந்துபோகும். எனவே, வன்தட்டைக் கழற்றி, வேறொரு கணிப்பொறியில் இணைத்து, கோப்புகளைப் படியெடுத்தலே முதற்கடமை. எழுத்துருக்களையும் உடன் எடுத்தல் வேண்டும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்பதற்கு முன் பல்வேறு குறியீட்டு முறைகள் வழங்கினமையால், உரிய எழுத்துரு இன்றேல் தமிழ்ப் பாடல் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

இனிக் காரணங்களைக் காண்போம். மின்சாரம் பாய்ந்ததும், தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் என்னும் நிரல் உறுப்புகளைச் சோதித்து, குறித்த வரிசைப்படி இயங்குதளத்தைத் தேடுகிறது. அவ்வரிசையில் வன்தட்டு முதலில் நின்று, அதில் பழைய இயங்குதளமும் இருப்பின், அதுவே எழும், குறுந்தகடு கவனிக்கப்படாது. கணிப்பொறி தொடங்கும்போதே டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி (சிலவற்றில் விசை வேறுபடும்) வரிசையை மாற்றலாம். மாற்றியது நிலைக்காமல், நாளும் நேரமும் பின்னோக்கிப் போயின், காசு வடிவிலான சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் மின்கலம் தீர்ந்திருக்கலாம்.

அடுத்து, நிறுவல் ஊடகம். ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பென்டிரைவில் அப்படியே படியெடுத்தால் பயனில்லை. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் முறைப்படி எழுதுதல் வேண்டும். பழைய பயாஸுக்கு எம்.பி.ஆர். முறையே ஏற்றது, யு.இ.எஃப்.ஐ.க்கு மட்டும் அமைத்ததை அது அறியாது. யு.எஸ்.பி. வழியே தொடங்க அறியாத கணிப்பொறிக்குக் குறுந்தகடே துணை. சி.டி. மட்டும் படிக்கும் இயக்கியில் டி.வி.டி.யை இட்டால் அது படிக்காது.

மூன்றாவது, பொருத்தம். 32 பிட் செயலியில் 64 பிட் இயங்குதளம் எழாது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே இல்லை. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியனும் 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட் கணிப்பொறிக்கான நிறுவியைக் கைவிட்டது. 12ஆம் பதிப்பில் அஃது உண்டு.

காரணத்தைப் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. அதே ஊடகத்தை, அதனை ஏற்கத்தக்க வேறொரு கணிப்பொறியில் இட்டுப் பார்த்தல் வேண்டும். அங்கும் எழாதேல் குறை பெரும்பாலும் ஊடகத்தில்; அங்கு எழுமேல் பழைய கணிப்பொறியின் அமைப்பிலோ, இயக்கியிலோ, பொருத்தத்திலோ தேடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் நன்று. பலவற்றை ஒருங்கே மாற்றின் எது தீர்த்தது என அறிய இயலாது.

இத்தனைக்குப் பின்னும் கணிப்பொறி எழாது போகலாம். அதனால் பேரிழப்பு இல்லை. அதனுள் உறங்கும் பாடல்களை முன்னரே மீட்டிருப்பின், நாம் காக்க வேண்டியதைக் காத்தவராவோம். மாணவச் செல்வங்கள் இப்பணிக்கு முன்வருவார்களாக!