வலயம் (எச்சரிக்கை அமைப்பு)

வலயம் என்பது வீட்டுப் பாதுகாப்பு எச்சரிக்கை அமைப்பின் கட்டுப்பாட்டுப் பலகை தனித்து அடையாளம் காணக்கூடிய ஒரு கண்காணிப்புப் பகுதி ஆகும். ஓர் உணரியோ, ஒரே மின்சுற்றில் இணைந்த சில உணரிகளோ ஒரு வலயமாக அமையும். கம்பிவழி இணைப்பில், மின்சுற்றில் ஏற்படும் மாற்றம் மட்டுமே பலகைக்குத் தெரியும். திறந்தது கதவா, சன்னலா, எழுந்தது புகையா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வலயத்துக்கும் ஒரு வகை குறிக்கப்படுகிறது. இதுவே வலய நிரலாக்கத்தின் மையப் பணியாகும்.

வலய வகைகள்

வகைகளைக் குறிக்கும் எண்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். ஹனிவெல் விஸ்டா-20பி பலகையில் பயன்படும் சில வகைகள் பின்வருமாறு:

* 01, நுழைவு/வெளியேற்றம்: முதன்மைக் கதவுக்குரியது. கதவு திறந்ததும் ஒலிக்காமல், வீட்டார் கடவெண்ணை இடுவதற்குக் குறிப்பிட்ட நொடிகள் காத்திருக்கும்.
* 03, சுற்றெல்லை: சன்னல்களுக்கும் பிற கதவுகளுக்கும் உரியது. அமைப்பு விழிப்பு நிலையில் இருந்தால் உடனே ஒலிக்கும்.
* 04, உட்புறம்: அறைகளில் உள்ள அசைவு உணரிகளுக்குரியது. முதன்மைக் கதவு முதலில் திறந்திருந்தால் காத்திருக்கும். இல்லையெனில் உடனே ஒலிக்கும். வீட்டார் உள்ளே தங்கும் இரவு நிலையில் இது விலக்கி வைக்கப்படும்.
* 07, 24 மணிநேரம்: அவசர உதவிப் பொத்தான் போன்றவற்றுக்குரியது. எந்நேரமும் இயங்கும்.
* 09, தீ: எந்நேரமும் இயங்கும். இவ்வகையில் குறுக்குச்சுற்று தீ எனவும், கம்பி அறுதல் பழுது எனவும் கொள்ளப்படும்.

இறுதித் தடையம்

கம்பிவழி வலயத்தின் கடைசி உணரியருகே ஒரு மின்தடையம் பொருத்தப்படும். விஸ்டா-20பி பலகையில் இதன் மதிப்பு 2000 ஓம் ஆகும். இத்தடை தெரியும்வரை சுற்று இயல்பாக உள்ளது எனப் பலகை கொள்ளும். கம்பி அறுந்தால் தடை எல்லையற்றதாகும். கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் தடை ஏறத்தாழ சுழியாகும். இவ்விரண்டையும் பலகை கண்டறியும். வேலையை எளிதாக்கத் தடையத்தைப் பலகைப் பெட்டிக்குள்ளேயே பொருத்திவிட்டால், வழியில் கம்பிகள் இணைக்கப்பட்டாலும் சுற்று இயல்பாகவே தோன்றும். அதன்பின் கதவு திறந்தாலும் எச்சரிக்கை எழாது.

தவறான வகையின் விளைவுகள்

சன்னலுக்கு 01 தரப்பட்டால், அதன்வழி நுழையும் திருடனுக்கும் காத்திருப்பு நேரம் கிடைக்கும். அசைவு உணரிக்கு 03 தரப்பட்டால், இரவில் தண்ணீர் குடிக்க எழுபவராலும் ஒலி எழும். இவ்வாறு அடிக்கடி நேர்ந்தால் வீட்டார் அமைப்பையே நிறுத்தி வைக்கக்கூடும். புகை உணரிக்கு 03 தருவது உயிருக்கே ஆபத்தானது. விழிப்பு நிலை நீக்கப்பட்டுள்ள வேளையில் தீப்பற்றினால் பலகை ஒலிக்காது.

இக்காரணங்களால் நிரலாக்கம் முடிந்தபின் ஒவ்வொரு உணரியையும் தூண்டி, உரிய வலய எண் விசைப்பலகையில் தோன்றுகிறதா என்று பார்ப்பது அவசியம். அத்துடன் வெளியேறும் நிலை, இரவு நிலை, விழிப்பு நீக்கிய நிலை ஆகிய மூன்றிலும் அமைப்பு எவ்வாறு செயற்படுகிறது என்பதையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.