மக்ரோவும் நிபந்தனை ஒருங்குசேர்ப்பும்: ஒரு விளக்கம்

கணினிச் செய்நிரலை வெறும் நுட்பச் சங்கதியாக நோக்குவது எமது கல்வியுலகில் வேரூன்றிவிட்ட வழக்கமாகும். ஆயின், செய்நிரலும் மனித உழைப்பின் விளைபொருளே. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், வவுனியாவிலே 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகமும் இயங்கும் இன்றைய நிலையில், இவ்வுழைப்பின் இயல்பை நாம் விளங்கிக்கொள்ளல் அவசியமாகின்றது.

பொறிமொழியின் எண்களுக்குப் பதிலாகக் குறிச்சொற்களால் எழுதப்படுவது 'அசெம்பிளி' எனப்படும் ஒருங்குசேர்ப்பு மொழி. அதனைப் பொறிமொழியாக மாற்றுவது ஒருங்குசேர்ப்பான். ஒரே அறிவுறுத்தற் தொகுதி பலவிடங்களில் வேண்டப்படின், அதற்கு ஒரு பெயரிடலாம். பெயர் வருமிடமெல்லாம் ஒருங்குசேர்ப்பான் அத்தொகுதியை விரித்தெழுதும். இதுவே மக்ரோ. துணைச்செய்நிரலோ ஓரிடத்தில் மட்டும் இருந்து, இயங்கும்வேளை அழைக்கப்படுவது. மக்ரோவினுள் நிபந்தனையும் இடம்பெறலாம் என்பதை டக்ளஸ் மெக்கில்ராயின் 1960 ஆம் ஆண்டுக் கட்டுரை எடுத்துக்காட்டியது.

இந்நிபந்தனையின் தன்மையை இரணைமடுக்குளத்தைக் கொண்டு விளக்கலாம். வாய்க்காலின் கதவைப் போகந்தோறும் திறப்பதும் மூடுவதும் ஒன்று. வாய்க்காலை வெட்டுவதா, விடுவதா எனத் தொடக்கத்திலேயே தீர்மானிப்பது வேறொன்று. முன்னையது, செய்நிரல் இயங்கும்போது நிகழும் சோதனை. பின்னையது நிபந்தனை ஒருங்குசேர்ப்பு.

குளத்தின் நீர்மட்டத்தை அளக்கும் சிறு கருவியொன்றைக் கருதுவோம். திரையுள்ளது, திரையற்றது என அதற்கு இரு வடிவங்கள். 'திரை' எனும் குறியீட்டின் பெறுமானம் 1 ஆயின், 'இஃப்', 'எண்டிஃப்' ஆகியவற்றுக்கு இடைப்பட்ட பகுதி சேர்க்கப்படும். 0 ஆயின் அது பொறிமொழியில் இடம்பெறவே மாட்டாது. ஒரே மூலநிரலிலிருந்து இரு செய்நிரல்கள் பிறக்கின்றன. செய்நிரலுக்கென 32 கிலோபைற்று நினைவகமே கொண்ட ஏற்மெகா328 போன்ற சில்லுகளில் இச்சிக்கனம் பெரிதாகும். எனினும் இதற்கும் ஓர் எல்லையுண்டு. இத்தகைய குறியீடுகள் பத்து இருப்பின் 1024 வடிவங்கள் தோன்றக்கூடும். ஒரு வடிவம் பிழையின்றி இயங்குவது ஏனையவற்றுக்குச் சான்றாகாது.

இங்கு மனங்கொள்ளத்தக்க உண்மை ஒன்றுண்டு. விலக்கப்பட்ட பகுதியின் சுவடு பொறிமொழியிலே இல்லை. முடிந்த பொருளை மட்டும் பெறுவோர், யார் எதனைத் தெரிந்தார், எதனை விலக்கினார் என்பதை அறியார். மூலநிரலைக் கையில் வைத்திருப்போரிடமே தெரிவின் உரிமையும் தங்கிவிடுகின்றது. எனவே, வன்னியின் மாணவர் பிறர் ஆக்கிய கருவிகளை நுகர்வோராக மாத்திரம் அமையாது, மூலநிரலை வாசித்துத் தம் மண்ணின் தேவைக்கேற்ப நிபந்தனைகளை மாற்றியமைப்போராகவும் உருவாதல் வேண்டும். அதற்கு இத்துறை தமிழிலே தெளிவாக விளக்கப்படுதல் முதற்படியாகும்.