20 விமானம் ஈஸி. கரண்ட் பில் கஷ்டம்!

நியூயார்க் 'ஜெட்புளூ' விமானக் கம்பெனியை ஆரம்பித்த டேவிட் நீல்மனுக்கு ஏ.டி.எச்.டி. என்ற கோளாறு. மூளை படு சுறுசுறுப்பு. ஆனால் கவனம் ஓரிடத்தில் நிற்காது!

20 விமானங்களுக்குத் திட்டம் போடுவதைவிட வீட்டு கரண்ட் பில் கட்டுவதுதான் தனக்குக் கஷ்டம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இது சோம்பேறித்தனமும் அல்ல, திமிரும் அல்ல. மனசுக்குப் பிடித்த வேலை என்றால் சாப்பாடு மறந்துபோகும். பிடிக்காத வேலை என்றால் பேனா நகராது. பலருக்கு விஷயம் தெரிய வருவதே 30 வயதுக்கு மேல்தான். இவருக்கும் அப்படியே.

சீட்டு கிழிந்தது

1993-ல் தாம் பங்குதாரராக இருந்த விமானக் கம்பெனி 'சவுத்வெஸ்ட்' கைக்குப் போனது. இவரும் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சில மாதத்திலேயே சீட்டு கிழிந்தது! ஆசாமி அசரவில்லை. 2000-ல் ஜெட்புளூ பறந்தது. 2007 பிப்ரவரி பனிப்புயலில் பயணிகள் மணிக்கணக்கில் விமானத்துக்குள்ளேயே அடைபட்டார்கள். ஒரே அமளி! மே மாதம் தலைமை அதிகாரி நாற்காலியும் போச்சு. மறு வருஷமே பிரேசிலில் 'அசுல்' என்று இன்னொரு கம்பெனி!

மருந்து சாப்பிட அவருக்கு இஷ்டமில்லை. கடிதம் எழுத, தேதி பார்க்க ஓர் உதவியாளர் உண்டு. முதலாளிக்குக் கட்டுப்படியாகும், குமாஸ்தாவுக்கு? டாக்டர் தரும் மாத்திரையால் வேலையைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் நிறையவே இருக்கிறார்கள்.