ஹாம் கம்பத்துக்குச் சொத்து வரியா? பிரிவு எது என்று கேளுங்கள்

மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் தாங்கும் ஹாம் (அமெச்சூர்) வானொலிக் கம்பம் நட்டிருக்கும் வீட்டுக்கு ‘டவர் இருக்கிறது, சொத்து வரியைக் கூட்டுகிறோம்’ என்று உள்ளாட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தால் இரண்டு தவறுகள் நடக்கலாம். ஒன்று, பதில் எழுதாமல் விட்டுவிடுவது. மற்றொன்று, சின்னத் தொகைதானே என்று கட்டிவிடுவது. இரண்டுமே வேண்டாம். செல்போன் கோபுரங்களையும் ‘கட்டடம்’ என்று கருதி மாநிலங்கள் வரி விதிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 16 அன்று, குஜராத் வழக்கில் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் வரி விதிக்க அதிகாரம் இருப்பது வேறு, சட்டப்படி விதித்திருப்பது வேறு. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் வசூலிக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 265ஆவது பிரிவு. குஜராத், மொபைல் கோபுரத்தைத் தன் சட்டத்திலேயே, தொலைத்தொடர்புச் சேவை வழங்க நிறுவப்படுவது என்று வரையறுத்து வைத்திருந்தது. பண நோக்கமில்லாத தனிப்பட்ட ஆர்வமே அமெச்சூர் சேவையின் இலக்கணம். ஹாம் யாருக்கும் சேவை விற்பதில்லை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் உயரமான இரும்பையெல்லாம் ஒரே பட்டியலில் சேர்ப்பது நிர்வாகமல்ல, அலட்சியம்.

ஆகவே நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையருக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். கிராம ஊராட்சியானால் ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி (வயர்லெஸ் திட்டமிடல், ஒருங்கிணைப்பு) பிரிவு வழங்கிய உரிமத்தின் நகல், கடைசி அரையாண்டு வரி ரசீது, கம்பத்தின் புகைப்படம், உயரம், அது போல்ட்டால் பொருத்தியதா கான்கிரீட்டில் ஊன்றியதா என்ற விவரம், வாடகையோ வருமானமோ இல்லை என்ற கையொப்பமிட்ட உறுதிமொழி ஆகியவற்றை இணையுங்கள். உரிமத்திலுள்ள நிலைய முகவரியும் வரி ரசீது முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். வீடு மாறியவர்கள் உரிமத்தில் முகவரியை மாற்றாமல் விட்டிருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மனுவின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். வாய்ப்பேச்சில் ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் நம்பாதீர்கள். கூடவே அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவலறியும் உரிமை மனு கொடுத்து, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த மன்றத் தீர்மானத்தின்படி இந்த வரி என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து ஆட்சேபக் கெடுவைத் தவறவிடாதீர்கள். கெடு உங்களுக்காக நிற்காது.

2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் நம்மைக் காப்பாற்றாதா என்று கேட்கலாம். தொலைத்தொடர்பு வலையமைப்பைச் சொத்து வரிக்காக அந்தச் சொத்தின் பகுதியாகக் கருதக் கூடாது என்று அதன் 14ஆவது பிரிவு சொல்கிறதுதான். ஆனால் அந்த வலையமைப்பு ‘சேவை வழங்க’ப் பயன்படுவதாக வரையறுக்கப்பட்டிருப்பதால், ஹாமுக்கு அதை மட்டும் நம்புவது ஆபத்து, துணை வாதமாக வையுங்கள். உள்ளாட்சிக்கும் பணம் வேண்டாமா என்பதும் நியாயமான கேள்வியே. வருமானம் ஈட்டும் கோபுரத்திடம் வாங்கட்டும். ஹாம் கம்பம் அப்படியல்ல. 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து செய்தி அனுப்பிய ஹாம்களின் கருவிகளும் ஆன்டெனாக்களை நம்பியே இயங்கின. 7 மெகாஹெர்ட்ஸில் அரை அலை நீளமே சுமார் 20 மீட்டர் என்பதால் ஆன்டெனாவுக்கு உயரம் தேவை. உயரத்துக்கு அபராதம் போட்டால் நிலையம் முடங்கும். வணிகக் கட்டடம் என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் அரையாண்டுதோறும் அதே கணக்குதான், நிலுவை வீட்டின் மேல் ஏறும். வரி இல்லை என்பதற்கு, கட்டட அனுமதியோ விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்றோ வேண்டாம் என்று பொருளல்ல. அவை தேவைப்படும் இடத்தில் தனியாக வாங்குங்கள், வரி ஆட்சேபத்தோடு கலக்காதீர்கள்.